கேள்வியை முதலில் படி

குவுன் டாங், ஹாங்காங்
3 அக்டோபர் 1983

தம்பி கம்-ஷிங்குக்கு அக்கா சௌ-குன் எழுதுவது.

இங்கே மூவரும் சுகம். உன் அத்தானுக்கு முதுகு வலியாம். மினிபஸ் ஓட்டும்போது வலிக்கிறது, மாஜோங் ஆட உட்கார்ந்தால் வலிப்பதில்லை. உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வெந்நீரில் இஞ்சி தட்டிப் போட்டுக் காலை வைக்கச் சொன்னேனே, வைத்தாயா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் போ-கீ இந்த ஆண்டு பள்ளியில் ஐந்தாம் படிவ வகுப்பு. வருகிற மே மாதம் அரசாங்கப் பரீட்சை. கணக்கு, சீனம், வரலாறு எல்லாம் சரியாக இருக்கிறது. ஆங்கிலம்தான் காலை வாருகிறது. டீச்சர் மிஸ் சூ என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஆங்கிலத்துல தேறலைன்னா மத்த பாடத்துல எவ்வளவு வாங்கினாலும் மேல படிக்க முடியாதுங்க. அவளுக்கு வார்த்தையே பத்தலை. பத்தியைப் படிக்கிறா, அதுல யாரு என்ன பண்றாங்கன்னு கேட்டா முழிக்கிறா" என்றார். ஃபேக்டரியில் என் பக்கத்துத் தையல் மெஷின் போன மாதம் காலியானது. அந்த ஸ்டூல் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். என் மகள் அதில் வந்து உட்காரக் கூடாது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைப் பேய்க்காரர்கள் நாட்டிலேயே இருபது வருஷமாகக் குடியிருக்கும் தம்பி எனக்கு இருக்கிறான். நான் எதற்கு ஊரெல்லாம் ஆள் தேட வேண்டும்? வாரா வாரம் அவளுடைய பயிற்சித் தாள்களை அனுப்புகிறேன். பத்தியைப் படித்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி, தெரியாத வார்த்தைக்கு விளக்கம் எழுதித் திருப்பி அனுப்பு.

இன்னொன்று. மேல் மாடி ஃபுங் அம்மாள் வீட்டில் பேரன் பிறந்து ஒரு மாதம் நிறைந்தது. வழக்கப்படி வீட்டுக்கு வீடு சாயம் போட்ட சிவப்பு முட்டை கொடுத்தாள். "உங்க வீட்டு முட்டையை எப்பங்க சாப்பிடறது?" என்று ஒரு சிரிப்பு வேறு. நாற்பது வயதாகிறது உனக்கு. அவளுடைய தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள். பல் கொஞ்சம் முன்னால் வரும், மற்றபடி நல்ல பெண். படம் வைத்திருக்கிறேன், பார்.

குளிரில் காதை மூடிக்கொள்.
அக்கா


வடக்கு இங்கிலாந்து
24 அக்டோபர் 1983

அக்காவுக்கும் அத்தானுக்கும் கம்-ஷிங்கின் வணக்கம். போ-கீக்கு என் அன்பு.

நான் சுகம். கால் பரவாயில்லை. கடை வழக்கம்போல் நடக்கிறது. வெள்ளிக்கிழமை இரவில் கூட்டம் தெருவரை நிற்கும்.

அக்கா, தாள் அனுப்ப வேண்டாம். என் ஆங்கிலம் அடுப்படி ஆங்கிலம். மீன், சிப்ஸ், சோறு, உப்பு, சில்லறை. அதற்கு மேல் யாராவது பேசினால் சிரித்துத் தலையாட்டி விடுவேன். கவுண்டரில் ஓர் ஆள் இருப்பதால் என் பிழைப்பு ஓடுகிறது. படித்த டீச்சர் யாரையாவது பார். பெண் பிள்ளையின் வருங்காலத்தை என்னை நம்பி வைக்காதே.

படத்தில் இருக்கும் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு இப்போது கல்யாணத்துக்கு நேரமில்லை. படத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கம்-ஷிங்


குவுன் டாங்
4 நவம்பர் 1983

கம்-ஷிங்,

சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், நம்புகிறேன்.

கல்யாணத்துக்கு நேரமில்லையாம். நேரம் கிடைத்துத்தான் உலகத்தில் எல்லோரும் கல்யாணம் செய்துகொள்கிறார்களா? உன் அத்தான் என்னைப் பெண் பார்க்க வந்ததே பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான். இருபது வருஷம் ஓர் ஊரில் இருந்துவிட்டு மொழி தெரியாது என்கிறாய். அப்பாவுடைய நாய்க்குக்கூட மூன்று பாஷை புரிந்தது. உனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு பெண் ரயிலைத் தவற விடுகிறாளாம், அதைப் பற்றிய பத்தி. போ-கீ தன் பதிலைப் பென்சிலில் எழுதியிருக்கிறாள். தபால் தலை ஒட்டியாகிவிட்டது. ஒரு சாக்கும் எனக்கு வேண்டாம்.

உனக்காக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறேன். கருவாடு, காய்ந்த காளான், இஞ்சி மிட்டாய். கடை மாடியில் தனியாக இருக்கிறவனுக்கு யார் இதெல்லாம் சமைத்துப் போடுவார்கள்?

அக்கா


வடக்கு இங்கிலாந்து
28 நவம்பர் 1983

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது.

தாளை முடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். போ-கீயின் பதில்களில் சரியானதற்குச் சரி போட்டிருக்கிறது. தவறானதற்குப் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது. தெரியாத வார்த்தைகளுக்கு அடியில் ஒவ்வொரு வாக்கியம். அடுத்த தாளையும் அனுப்பு. ஒன்றுக்குப் பதில் மூன்றாக அனுப்பினாலும் சரி.

கருவாடு வந்தது. அதை வாணலியில் போட்டதும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இஞ்சி மிட்டாய் மட்டும் ஒரே நாளில் தீர்ந்தது. முடிந்தால் இன்னும் கொஞ்சம் அனுப்பு.

கம்-ஷிங்


குவுன் டாங்
9 ஜனவரி 1984

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகள் இருக்கின்றன.

முதலில் நல்ல செய்தி. போ-கீ எந்நேரமும் உன் தாள்களைத்தான் வைத்துக்கொண்டு இருக்கிறாள். சாப்பிடும்போது கிண்ணத்துக்குப் பக்கத்தில் வார்த்தைப் பட்டியல். அரையாண்டுத் தேர்வில் கிட்டத்தட்டத் தேறிவிட்டாள். அதற்காக உன்னைக் கும்பிடுகிறேன்.

இப்போது மற்றது. போன வாரத் தாளில் ஒரு பத்தி. பேய்க்காரர்கள் ஊரில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிறார்கள். ஒருத்தி தன் தட்டைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளி விடுகிறாள். ஏன் என்று கேள்வி. போ-கீ "பசியில்லை" என்று எழுதியிருந்தாள். நீ அதை அடித்துவிட்டு, கஸ்டர்ட் என்ற பால் கூழின் மேல் ஏடு கட்டியிருக்கும், தொட்டால் ஆடும், அதைத் தின்ன யாருக்கும் பிடிக்காது, மேசையின் ஓரத்தில் உட்காருகிறவள் தலையில்தான் அதைக் கட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். போ-கீ அதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். மிஸ் சூ ஒரு வருஷம் இங்கிலாந்தில் படித்தவர். விழுந்து விழுந்து சிரித்தாராம். "இது பாடத்துல இல்லையே. அங்க ஸ்கூல்ல உக்காந்து சாப்பிட்டவங்களுக்குத்தான் இது தெரியும். உங்க மாமா அங்கயா படிச்சாரு?" என்று கேட்டிருக்கிறார்.

எந்த மாமா? கப்பலில் ஏறும்போது உனக்கு மீசை முளைத்திருந்தது. போய் இறங்கியதும் நேராகப் பாத்திரம் கழுவ நின்றாய். பள்ளிக்கூடத்து மேசை ஓரத்தில் எப்போது உட்கார்ந்தாய்?

மிஸ் சூ பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். பத்தியை முதலில் படிக்காதே, கேள்வியை முதலில் படி, எதைத் தேடுகிறாய் என்று தெரிந்துகொண்டு உள்ளே போ. நானும் பிஸ்கட் டின்னிலிருந்து உன் கடிதங்களை எடுத்து அப்படியே படித்துப் பார்த்தேன். கேள்வி: என் தம்பி அந்த மாடியில் யாரோடு இருக்கிறான்? உடனே கண்ணில் பட்டது. கருவாட்டு நாற்றத்துக்கு "எல்லோரும்" ஓடினார்களாம். தனியாக இருக்கிறவன் வீட்டில் எல்லோரும் என்றால் யார்? இஞ்சி மிட்டாய் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. காரம் என்று துப்பி விடுவாய். யார் தின்றது? கவுண்டரில் இருக்கும் "ஆள்" ஆணா பெண்ணா? இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது எழுதினாயா?

போ-கீயிடம் கேட்டேன். "சில கேள்விக்குப் பதில் பத்தியில எழுதியிருக்காதும்மா. எழுதாம விட்டதுலேருந்து நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றாள். நல்ல படிப்புதான்.

பதில் எழுது. தாளும் வேண்டும், பதிலும் வேண்டும்.
அக்கா


வடக்கு இங்கிலாந்து
23 ஜனவரி 1984

அன்புள்ள அக்கா,

எல்லோருக்கும் வரப்போகும் புத்தாண்டு வாழ்த்து. அத்தானின் முதுகுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

நீ எதையும் பெரிதாக நினைக்காதே. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரிடம் தாளைக் காட்டிச் சந்தேகம் கேட்டுக்கொள்வது உண்டு. அவர் சொன்னதாக இருக்கும். எல்லோரும் என்றால் கடையில் நின்ற கூட்டம். மிட்டாயைக் கவுண்டரில் வைத்தேன், வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

போ-கீ தேறிக்கொண்டு வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வாரத் தாளில் ஒரு கேள்விக்குக்கூட அடித்தல் இல்லை.

கம்-ஷிங்


குவுன் டாங்
8 பிப்ரவரி 1984

கம்-ஷிங்,

புத்தாண்டு வந்தது, போயிற்று. முள்ளங்கி கேக் செய்தேன். உன் பங்கை ஃபுங் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். யார் யாருக்கோ பங்கு போட்டுக் கொடுக்கிறவனுக்கு நான் எதற்கு எடுத்து வைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை உனக்கு போன் செய்தோமே, அதைச் சொல்கிறேன். போ-கீதான் எண்ணைச் சுழற்றினாள், ரிசீவரை அவள் காதில்தான் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளையின் குரல். எனக்கே கேட்டது. ஏதோ ஒரு வார்த்தையை உள்பக்கம் பார்த்துச் சத்தமாகக் கத்தியது. அதற்குப் பிறகு நீ ஓடி வந்து ரிசீவரை வாங்கினாய். மூச்சு வாங்கியது உனக்கு.

"யாருடி அது?" என்றேன்.

"கவுண்டர்ல நிக்கிறவங்கம்மா."

"என்ன கத்தினா?"

"மாமாவைக் கூப்பிட்டாங்க."

"என்னன்னு கூப்பிட்டா? பேரைச் சொல்லலியே. என் தம்பி பேரு எனக்குத் தெரியாதா?"

"மொதலாளின்னு கூப்பிட்டாங்க, போதுமா?" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மகள் பொய் சொல்லும்போது காது சிவக்கும். குளியலறையிலிருந்து வந்தபோதும் சிவப்பாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து தாள்களை உறையில் போட்டு ஒட்டும் வேலையை அவளே செய்கிறாள். "நீ ஒட்டினா கோணலா இருக்கும்மா" என்கிறாள். பதினாறு வருஷம் இல்லாத கோணல் இப்போது எங்கிருந்து வந்தது?

ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். கீழே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். போ-கீயின் தாளில் விடுவதுபோலத்தான். அதில் பதிலை எழுதி அனுப்பு.

கம்-ஷிங், அந்தப் பிள்ளை யார்?
..............................

அக்கா


குவுன் டாங்
19 மார்ச் 1984

மாமாவுக்குப் போ-கீ வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் நலம் என்று எனக்குத் தெரியும், டெனீஸ் எழுதியிருந்தாள். இது அம்மாவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவின் கேள்விக்கு நீங்கள் பதில் அனுப்பவில்லை. தாள்களையும் நிறுத்திவிட்டீர்கள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நான் கோபித்துக்கொண்டு எழுதவில்லை மாமா. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் அவள் உங்களை அப்பா என்று கத்தினாள். எங்கள் வகுப்பில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் ஒன்று அது. அடுத்த தாளில் பத்துக் கேள்விகள் இருந்தன. பதினோராவதாக நானே ஒன்றைப் பென்சிலில் எழுதினேன்: இந்தப் பதில்களை எழுதுவது யார்? அவள் முழு வாக்கியத்தில் பதில் எழுதியிருந்தாள். பெயர் டெனீஸ், வயது பதின்மூன்று, அம்மா மோரீன் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள், அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து தாளை நான்தான் செய்கிறேன் என்று. பன்னிரண்டாவதாக அவள் எனக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: நீ யார்? அப்பாவிடம் கேட்டால் ஹாங்காங்கில் தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் என்கிறார்.

நான் தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்ணா மாமா?

அவளுக்கு நான் பதில் எழுதிவிட்டேன். அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்ததால்தான் எல்லாவற்றையும் நிறுத்தினீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். அம்மா இப்போது என்னைப் பார்க்கும் பார்வை நன்றாக இல்லை. எனக்கு அந்த ஊரில் ஓர் ஆண் பிள்ளையோடு கடிதப் போக்குவரத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தலையணை உறையைக்கூட உதறிப் பார்க்கிறாள்.

நான் சொல்லலாம். ஆனால் நான் சொல்வது சரியில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போ-கீ


வடக்கு இங்கிலாந்து
30 மார்ச் 1984

அக்கா,

நலம் விசாரிக்கும் தைரியம்கூட இல்லாமல் எழுதுகிறேன். நீ கோடு போட்டு விட்ட இடம் சின்னது. அதில் அடங்காததால் தனித் தாளில் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை என் மகள். பெயர் டெனீஸ். அவள் அம்மா மோரீன். நான் முதலில் பாத்திரம் கழுவிய கடையில் அவள் கவுண்டரில் இருந்தாள். அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டோம். இந்தக் கடையை நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டோம். மாடியில் மூன்று பேர் இருக்கிறோம்.

நான் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும், நீயும் பக்கத்தில்தான் நின்றாய். "பேய்க்காரியைக் கட்டிக்கிட்டு வந்தேன்னா நான் செத்தா எனக்கு ஊதுபத்தி ஏத்தக்கூட வராதே" என்றார். டெனீஸ் பிறந்தபோது எழுத உட்கார்ந்தேன். நாலைந்து தடவை கிழித்துப் போட்டேன். மாதம் நிறைந்த அன்று மோரீனுக்குத் தெரியாமல் ஒரு முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டுப் பின்கட்டில் நின்று நானே தின்றேன். யாருக்குக் கொடுப்பது?

இரண்டு வருஷம் கழித்து அப்பா காரியத்துக்கு வந்தேன். கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிறவன் கேட்டான், "பேரப் பிள்ளைங்க யாரு யாரு?" என்று. நீ போ-கீயின் பெயரைச் சொன்னாய். அவன் என் பக்கம் திரும்பினான். "எனக்கு இல்லை" என்றேன். சட்டைப் பையில் அவளுடைய படம் இருந்தது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். அதற்குப் பிறகு உனக்கு ஒவ்வொரு கடிதம் எழுதும்போதும் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

உன் முதல் தாள் வந்தபோது அதை மூலையில் போட்டிருந்தேன். டெனீஸ் எடுத்துப் பார்த்தாள். "யாரோடது டாட் இது? இந்தப் பொண்ணுக்கு ரயில் ஏன் போச்சுன்னே புரியலை, பாவம்" என்று சொல்லி, கேட்காமலே பென்சிலை எடுத்து உட்கார்ந்தாள். அவள் தாளின்மேல் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு சீவினேன். ஒரு பக்கம் உன் மகள் எழுதியது, இன்னொரு பக்கம் என் மகள் எழுதியது. அவர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் ஒன்றுக்குப் பதில் மூன்று தாள் அனுப்பச் சொன்னேன்.

இந்த மாத ஆரம்பத்தில் அவள் கேட்டாள், "போ-கீன்னு எனக்கு ஒரு அக்கா இருக்கான்னு ஏன் சொல்லலை?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நீ என்னைத் திட்டு. எழுதாமலும் இரு. ஆனால் பயத்தில் நான் நிறுத்தியதுபோல் நீயும் தாள்களை நிறுத்திவிடாதே. பரீட்சைக்கு நாள் இல்லை. தப்பு என்னுடையது, அதற்குப் போ-கீ அந்தத் தையல் மெஷினில் வந்து உட்காரக் கூடாது.

கம்-ஷிங்


வடக்கு இங்கிலாந்து
11 ஜூன் 1984

அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமா? அத்தான் முதுகு எப்படி?

தாள்கள் வாரா வாரம் வந்தன. டெனீஸ் ஒன்றுவிடாமல் முடித்து அனுப்பினாள். உறைமேல் முகவரி உன் கையெழுத்தில் இருந்தது, ஒட்டியதும் நீதான் என்று கோணலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆனால் உள்ளே உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒவ்வொரு தடவையும் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பேன்.

இப்போது பரீட்சையும் முடிந்துவிட்டது. இனித் தாளும் வராது. உறையும் வராது என்று நினைக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. மோரீன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்கிறாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. "உங்க அக்கா என்னைப் பாத்தா பிடிக்காமப் போகுமோ என்னவோ, பாக்கவே விடாம நீயே முடிவு பண்ணிட்டியே" என்கிறாள்.

ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் போதும்.
கம்-ஷிங்


குவுன் டாங்
13 ஆகஸ்ட் 1984

தம்பி கம்-ஷிங்குக்கும், மோரீனுக்கும், டெனீஸுக்கும் அக்கா சௌ-குன் எழுதுவது. மோரீனுக்கு இதை நீ படித்துச் சொல். ஒரு வரியையும் விழுங்காதே.

நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் மூவரும் சுகமா? மூவரும் என்று எழுதி முடிக்க எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

போ-கீ ஆங்கிலத்தில் தேறிவிட்டாள். ஓரத்தில் தொங்கிக்கொண்டுதான் தேறினாள், ஆனால் தேறினாள். ஆறாம் படிவத்தில் இடம் கிடைத்துவிட்டது. மிஸ் சூ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுல யாரோ நல்லா உழைச்சிருக்காங்க" என்றார். "என் தம்பி மக" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. வெளியே சொல்லிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உன் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. பேய்க்காரியைக் கட்டினாய் என்று கோபமில்லை. அப்பா சொன்னதை நானும் கேட்டேன். அவர் மழை பெய்தால்கூட அப்படித்தான் திட்டுவார். கோபம் அந்த ஒற்றை முட்டையைப் பற்றித்தான். பின்கட்டில் நின்று நீயே தின்றாயாம். என் வீட்டு முட்டையை எனக்குத் தராமல் தின்றாயே. ஃபுங் அம்மாள் வருஷத்துக்கு ஒரு பேரனைப் பெற்றுக்கொண்டு வந்து என் முன்னால் முட்டையை நீட்டும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். அந்நேரம் என் தம்பி மகள் அங்கே ஓடி விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதனால்தான் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் வசைதான் வந்தது. உறைமேல் முகவரி மட்டும் எழுதினேன். பரீட்சைக்கு முன் வசையை உள்ளே வைத்து அனுப்பினால், பதில் எழுதுகிற பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடுமே.

பரீட்சை முடிவு வந்த மறுநாள் காலை ஒரு வேலை செய்தேன். ஐந்து டஜன் முட்டை வாங்கி வேகவைத்துச் சாயம் போட்டேன். சமையலறைத் தரையெல்லாம் சிவப்பு. உன் அத்தான் பார்த்துவிட்டு, "யாருக்குப் பொறந்திருக்கு?" என்றார். "உங்க மச்சானுக்கு" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடமும் அதுவரை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தானும் துடைத்து அடுக்க ஆரம்பித்தார். முதுகு வலி என்று சொல்லவே இல்லை.

முதலில் மேல் மாடிக்குத்தான் போனேன். ஃபுங் அம்மாள் கதவைத் திறந்தாள்.

"என்னங்க, முட்டையா? உங்க வீட்டுலயா?"

"என் தம்பிக்குப் பொண்ணு. மாசம் நெறஞ்சிருக்கு."

"அப்படியா, சந்தோஷம். எத்தனை மாசம் ஆச்சு?"

"பதிமூணு வருஷம்" என்றேன்.

அவள் முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எடுத்துக்கங்க, சூடா இருக்கு" என்று கையில் வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன். எங்கள் வரிசை முழுவதும், பிறகு கீழ் வரிசை, பிறகு ஃபேக்டரி. அந்தக் காலி மெஷின்மேலும் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன்.

மாதம் நிறையும்போது பெரியவர்கள் பெயர் வைக்க வேண்டும். அப்பா இல்லை. அதனால் நான் வைக்கிறேன். போ-யான். என் மகளின் பெயரில் உள்ள முதல் எழுத்தை இவளுக்கும் கொடுத்திருக்கிறேன். யார் பார்த்தாலும் அக்கா தங்கை என்று தெரியட்டும். போ-கீ அதைப் பெரிதாக எழுதி, எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்று எண் போட்டு இதோடு வைத்திருக்கிறாள். இனிமேல் படிக்க வேண்டியது டெனீஸ்தான். வாரா வாரம் சீனத்தில் ஒரு சின்னப் பத்தியும் கேள்விகளும் வரும். பதில் திரும்பி வர வேண்டும். எனக்குச் சாக்கு எதுவும் ஆகாது, அது அவளுக்கும் பொருந்தும்.

அக்டோபரில் கல்லறைக்குப் போகும் நாள் வருகிறது. பெயர் வெட்டுகிறவனிடம் பேசிவிட்டேன். கல்லில் போ-கீயின் பெயருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. வந்து நின்று நீயே அவனுக்குப் பெயரைச் சொல். மூன்று பேருக்கும் பாய் விரிக்க இங்கே இடமில்லைதான், அத்தானை மினிபஸ்ஸில் படுக்க வைக்கிறேன்.

முட்டையைத் தபாலில் அனுப்ப முடியாது. அதனால் சாயப் பொடி வைத்திருக்கிறேன், இஞ்சி மிட்டாயும் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை கூட்டம் தெருவரை நிற்கும்போது, சிப்ஸோடு ஆளுக்கு ஒரு சிவப்பு முட்டை கொடு. அந்தப் பேய்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. யார் பிள்ளைக்கு என்று கேட்பார்கள். வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டி விடாதே. வாயைத் திறந்து சொல்.

உன் அக்கா
சௌ-குன்